உடைசல் நோட்டில் இல்லாத பன்னிரண்டு ஆண்டுகள்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் உண்டு. பிறந்த நாள், படிப்பு, தொழில், திருமணம், பிள்ளைகள், இறந்த நாள் என்று ஆறு கட்டங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. அத்தையின் பக்கத்தில், தொழில் என்ற கட்டத்துக்கு எதிரே, ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது. அதை முன்பே அடித்துத் திருத்திவிட்டேன்; அந்தக் கட்டத்துக்குள் அடங்காத இதைத் தனித்தாளில் எழுதி ஒட்டுகிறேன்.

முதலில் எவராலும் மறுக்க முடியாதவை. அத்தை என் தந்தையின் தங்கை, உடன்பிறந்தோர் மூவரில் கடைசி. மூத்தவர் பெரியப்பா, நடுவில் என் தந்தை. அத்தைக்கு மணமாகி நான்காம் ஆண்டில் கணவர் இறந்தார். பிள்ளைகள் இல்லை. இருபத்தேழாம் வயதில் மூக்குக்கண்ணாடி செய்யும் வேலையில் ஒன்பது மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றார். அடுத்த ஆண்டு ஒரு கண் மருத்துவமனையிலிருந்து வேலை உத்தரவு வந்தது. அதில் சேரவில்லை. பெரியப்பாவின் கண்ணாடிக் கடையில் பின்னறையில் உட்கார்ந்தார். கடை விற்கப்பட்ட நாளில் அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அந்தக் கடையில் பில் எழுதியவருக்கும் கூட்டித் துடைத்தவருக்கும் பெரியப்பா மாதந்தோறும் ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டினார், தமக்கும் கட்டிக்கொண்டார். அத்தைக்குக் கட்டவில்லை. சம்பளப் பட்டியலில் அத்தையின் பெயர் ஒரு மாதம்கூட இல்லை.

இனி வருபவற்றில் என் கோபமும் கலந்திருக்கும். படிப்பவர்கள் கழித்துக்கொள்ளலாம்.

மருத்துவமனை வேலையில் சேரவில்லை என்று மேலே எழுதினேன். சேர விடவில்லை என்பதே சரி. உத்தரவு வந்த வாரம் பெரியப்பா, என் தந்தை, இன்னும் இரண்டு உறவினர் கூடிப் பேசினார்கள். அத்தை அப்போது அடுக்களையில் அவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். நம் கடை இருக்கும்போது வெளியில் கைகட்டி நிற்பானேன் என்று முடிவாயிற்று. தேநீரைக் கொண்டுவந்து வைத்தபோது முடிவையும் சொன்னார்கள். என் தந்தை தம் தேநீரை எடுத்துக் குடித்தார். பிற்காலத்தில் இதைப் பற்றி நான் கேட்டபோது பேச்சை மாற்றினார்.

கடையின் முன்புறம் கண்ணாடி அலமாரிகளும் நல்ல வெளிச்சமுமாக இருக்கும். பெரியப்பா அங்கே. பின்புறம் ஒரு திரைக்கு அப்பால் எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை. அத்தை அங்கே. மருத்துவர் எழுதிய அளவுப்படி லென்ஸ் வட்டத் தகடாக வரும். அதன் மையத்தில் மையால் புள்ளி வைத்து, வாடிக்கையாளர் தேர்ந்த பிரேமின் உருவத்தை அதன்மேல் வரைந்து, மிஞ்சும் ஓரத்தை இடுக்கியால் சிறிது சிறிதாகக் கொத்தி எடுத்து, நீர் சொட்டும் சாணைச் சக்கரத்தில் தீட்டி, பிரேமின் பள்ளத்தில் சிக்கென்று உட்காரவைக்க வேண்டும். புள்ளி ஒரு நூல் விலகினால் போட்டவருக்குத் தலைவலி. இடுக்கி ஒரு நூல் விலகினால் லென்ஸில் விரிசல் விழும். நாள் ஒன்றுக்கு ஏழு ஜோடி என்று குறைத்தே வைத்தாலும், ஆண்டுக்கு முந்நூறு நாள் வீதம், முப்பத்தோராண்டில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லென்ஸ்கள் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருக்கின்றன. “எங்க கடை ஃபிட்டிங் மாதிரி வராது” என்று பெரியப்பா வாடிக்கையாளர்களிடம் சொல்வார். எவருடைய ஃபிட்டிங் என்று கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை.

சம்பளம் என்ற சொல் எழும்போதெல்லாம் பெரியப்பாவிடம் ஒரே பதில். வீட்டு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் அது வீடா, சத்திரமா? சாப்பாடு அவர் வீட்டில். படுக்கை கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில். கைச்செலவுக்கு அவ்வப்போது ஏதாவது, அதுவும் கேட்டால்.

ஆனால் பெரியப்பா கணக்கில் புலி. எதையும் எழுதுவார், எழுதியதன் கீழ் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார். அவர் வீட்டுப் பால் கணக்கிலும் கையெழுத்து இருக்கும். பின்னறைத் திரையை ஒட்டிய ஆணியில் அவர் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருந்தார். அட்டையில் ‘உடைசல்’ என்று எழுதியிருக்கும். அத்தை ஒரு லென்ஸை உடைத்தால், அன்றைக்கே அதில் ஏறும். ஒன்றை அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்: “இடது. மைனஸ் மூன்று. தங்கச்சி கையால். கவனக்குறைவு.” கீழே தேதி, கையெழுத்து. முதல் ஆண்டில் மட்டும் பத்தொன்பது பதிவுகள்.

குடும்பம் கூடும் இடங்களில் அந்த நோட்டுதான் வேடிக்கைப் பொருள். பெரியப்பா அத்தைக்கு ‘உடைசல் மந்திரி’ என்று பட்டம் சூட்டியிருந்தார். பெரியம்மாவின் தம்பி ஒருவர் பார்க்கும்போதெல்லாம், என்ன மந்திரி, இந்த வருஷம் எத்தனை என்று கேட்பார். இன்னும் வருஷம் முடியலையே, அவசரப்பட்டா எப்படி என்று அத்தை சிரிப்பில்லாமல் சொல்வார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அதையும் எழுதிவைப்பதுதான் முறை.

அத்தைக்கு ஐம்பத்தொன்பது ஆனபோது பெரியப்பாவுக்கு அறுபத்தாறு. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கண்ணாடி நிறுவனம் ஒன்று கடையைக் கட்டடத்தோடு விலைக்குக் கேட்டது. பெரியப்பா விற்றார். அவருக்கு ஓய்வூதியம் ஓடிக்கொண்டிருந்தது. பில் எழுதியவருக்கும் கூட்டித் துடைத்தவருக்கும் தத்தம் சேமிப்பு இருந்தது. கட்டடத்தோடு அத்தையின் மாடியறையும் போயிற்று.

அத்தைக்கான ஏற்பாட்டைப் பெரியம்மா அறிவித்தார். தம் வீட்டிலேயே, பேரப்பிள்ளைகள் இருவரும் படுக்கும் அறையில், இன்னொரு கட்டில் போடப்படும். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிவிட, கூட்டிவர, சோறூட்ட ஒரு நம்பகமான ஆள் வேண்டியிருந்தது. முப்பத்தோராண்டு உழைத்தவருக்கு ஓய்வு என்ற பெயரில் இன்னொரு வேலை. அதற்கும் சம்பளம் கிடையாது.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை வாடகைக்கு இருந்தது. ஒரு சன்னல், ஒரு குழாய், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு. “என் கதவை நானே சாத்திக்கணும், அவ்வளவுதான்” என்று என்னிடம் சொன்னார். ஓய்வூதிய அலுவலகத்துக்குத் தாமே போய் விசாரித்திருந்தார். பதிவாகாத தொழிலாளியின் ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ள விதி இருந்தது. முதலாளியே எழுதிய சான்று வேண்டும். இருபது ஆண்டு தேறினால் முழு ஓய்வூதியம். அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதும். பதினைந்துக்கு மேல் இருபதுக்குள் என்றால் பாதி. அது வாடகைக்கே சரியாகிவிடும். விடுபட்ட ஆண்டுகளின் நிதிப்பங்கை முதலாளி கட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் பெரியப்பாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. கடை விற்ற பணத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெரியப்பா வீட்டுக் கூடத்தில், அத்தை சான்றுக் கடிதம் கேட்டார். நானும் இருந்தேன். பெரியப்பா முதலில் சிரித்தார். குடும்பத்துக்குள் என்ன கடிதம், நாளைக்குச் சாப்பிட்ட சோற்றுக்கும் ரசீது கேட்பாயா என்றார். அத்தை மறுபடியும் கேட்டார். சிரிப்பு போய்விட்டது.

“நீ என்ன வேலை செஞ்சே? ஏதோ கூடமாட இருந்தே. அதுக்குப் பேர் வேலையா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று சொல்வார்கள். அன்று நான் கண்ணால் பார்த்தேன். ஒரு லட்சத்து முப்பதாயிரம் லென்ஸ்களை மனிதர் ஒரே சொல்லில் மறைத்துவிட்டார்: கூடமாட.

அதோடு விட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஆனால் அத்தையால் கடைக்கு நட்டமே தவிர லாபமில்லை என்று எங்களுக்கு நிரூபிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே போய் உடைசல் நோட்டுகளைக் கொண்டுவந்தார். மொத்தம் நான்கு, கையடக்கமானவை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அதுவும் அத்தை செய்து கொடுத்ததுதான். இடது, வலது, மைனஸ், பிளஸ், தங்கச்சி கையால், தங்கச்சி கையால். கால் மணிநேரம் படித்தார். பெரியம்மாவே, போதும் விடுங்க என்றார்.

அத்தை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா மூச்சு வாங்க நிறுத்தியபோது, மிகவும் பணிவாக ஒரு கேள்வி.

“அண்ணா, அதுல தேதி எல்லாம் போட்டிருக்கீங்களா?”

“போடாம? ஒவ்வொண்ணுக்கும் தேதி இருக்கு. கையெழுத்து இருக்கு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு லென்ஸ் விட்டுப் போகல. நான் யாருன்னு நினைச்சே?”

“அப்போ அதை என்கிட்ட கொடுங்க. ஒரு தரம் முழுசாப் படிச்சுப் பாக்கறேன்.”

“படி. படிச்சாவது புத்தி வரட்டும்” என்று நான்கையும் அத்தையின் மடியில் போட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். இந்தத் தவளை பேசியதோடு நில்லாமல் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தது.

மறுநாள் அத்தையும் நானும் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நிதானமான மனிதர். நான்கு நோட்டுகளையும் ஒன்றரை மணிநேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தார். முதலாளியின் கையெழுத்தை நிதிப் பதிவுகளில் இருந்ததோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. ‘தங்கச்சி’ என்றுதானே இருக்கிறது, அது இவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அதற்காகவே நான் குடும்பப் பதிவேட்டைக் கொண்டுபோயிருந்தேன். பெரியப்பாவுக்கு ஒரே தங்கைதான் என்பதைப் பெருமையோடு காட்டினேன். அதிகாரி அத்தையின் பக்கத்தைப் புரட்டினார். விரல் மூன்றாம் கட்டத்தில் நின்றது.

“இதுல தொழில் இல்லைன்னு போட்டிருக்கே?”

அத்தை என்னைப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் சொன்னார்:

“இதை எழுதினப்போ இந்தப் பிள்ளைக்கு இன்னும் கண்ணாடி போடல சார்.”

அதிகாரி சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. பெரியப்பா ஒரு பொய்யைக் கூடத்தில் சொன்னார். அதே பொய்யை நான் கெட்டி அட்டை போட்ட பதிவேட்டில் நல்ல மையால் எழுதி வைத்திருந்தேன். அங்கேயே, அதிகாரியின் பேனாவை வாங்கி, அடித்துத் திருத்தினேன்.

பிறகு அவர் ஆண்டுகளைக் கூட்டினார். விதிப்படி ஓர் ஆண்டுக்கு ஒரு பதிவாவது இருக்க வேண்டும். முதல் பதினோராண்டுகளில் ஒவ்வோராண்டும் பதிவு இருந்தது. அதன் பின்வந்த இருபதில் எட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றுமே இல்லை.

“இந்தப் பன்னிரண்டு வருஷம் என்னம்மா ஆச்சு? வேலைக்கு வரலையா?”

“வந்தேன். உடைக்கல.”

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, வருத்தத்தோடுதான், உடைத்த ஆண்டுகளை மட்டுமே தம்மால் ஏற்க முடியும் என்றார். பத்தொன்பது. இன்னும் ஓராண்டு இருந்திருந்தால் முழு ஓய்வூதியம். அதாவது, அந்தப் பன்னிரண்டில் ஏதாவது ஓராண்டில் ஒரே ஒரு லென்ஸ் அத்தையின் கையிலிருந்து நழுவியிருக்க வேண்டும். கை தேறத் தேற ஆண்டுகள் கழிந்துபோன கணக்கு இது. கற்றுக்குட்டியாக இருந்த காலம் முழுவதும் செல்லும். தொழிலில் தலைசிறந்து நின்ற காலம் செல்லாது. விதியை எழுதியவர் அதிகாரி அல்லர். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. தங்கையின் வேலைக்கு வேறு எந்தச் சான்றும் மிஞ்சாதபடி பார்த்துக்கொண்ட மனிதரைத்தான் சொல்கிறேன்.

அந்த மனிதருக்கு ஒரு வாரத்தில் அலுவலகத்திலிருந்து அறிவிப்புப் போயிற்று. பத்தொன்பது ஆண்டுப் பங்கைக் கட்டும்படி. என் கையெழுத்தாலேயே எனக்குக் குழியா என்று தொலைபேசியில் என்னிடம் கத்தினார். குடும்ப மானம் போயிற்று என்றார். முப்பத்தோராண்டு கூலியில்லாமல் வேலை வாங்கியபோது போகாத மானம், அரசாங்கத் தபால் உறையைக் கண்டதும் போய்விட்டது. நான் ஒன்று மட்டும் கேட்டேன்: மீதிப் பன்னிரண்டில் ஓராண்டுக்காவது அவள் இங்கே வேலை செய்தாள் என்று நான்கு வரி எழுதித் தாருங்கள். அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“நோட்டுல இல்லாததை நான் எப்படி எழுதறது? பொய் எழுதற வழக்கம் எனக்கில்லை.”

பங்கைத் தவணையில் கட்டினார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். பெரியப்பா எழுதித் தர மறுத்த அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. நான்காவது நோட்டில் இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஒரு வரி இடம் காலியாக இருந்தது. பெரியப்பாவின் எழுத்து எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒரு வரி, இடது, மைனஸ் இரண்டு, தங்கச்சி கையால். அலுவலகத்துக்கு மறுபடி எடுத்துப் போய், ஒன்று கண்ணில் படாமல் விட்டுப்போயிற்று என்று சொல்லலாம். அத்தையின் எதிரே நோட்டைப் பிரித்து, அந்த இடத்தைக் காட்டினேன்.

அத்தை என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடினார்.

“உடைக்காததை உடைச்சேன்னு எழுதவா? இத்தனை வருஷத்துல எனக்குன்னு இருக்கறது அந்தப் பன்னிரண்டு வருஷம்தான். அதுலயும் ஒண்ணைப் பிடுங்கறியா?”

பதிவேடு காப்பவருக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை. அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன்.

நிதிக்கு அறுபத்தைந்து வயதுவரை பணம் கட்டலாம் என்று விதி இருந்தது. பதிவான வேலை ஓராண்டு கிடைத்தால் இருபது நிறையும். அத்தை வேலை தேடினார். நான்கு கண்ணாடிக் கடைகளில் வயதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டில், இந்த வயதில் பேரப்பிள்ளைகளோடு இருக்கக் கூடாதா என்று அறிவுரையும் கிடைத்தது. கடைசியாக, பெரியப்பாவின் கடையை வாங்கிய அதே நிறுவனத்தின் பட்டறைக்குப் போனார். கிளைகள் எல்லாவற்றுக்கும் லென்ஸ் வெட்டுவது அங்கேதான். ஒரு பெரிய கூடம், இரண்டு வரிசை இயந்திரங்கள், எல்லோரும் முப்பதுக்குள். மேற்பார்வையாளர் அனுபவச் சான்று கேட்டார். அத்தை நான்கு நோட்டுகளையும் மேசைமேல் வைத்தார்.

“இது என்ன?”

“நான் உடைச்சதெல்லாம் இதுல இருக்கு.”

வேலை கேட்டு வருபவர் தம் பிழைகளின் பட்டியலோடு வருவதை அவர் அதுவரை கண்டதில்லை. புரட்டினார். கடைசி நோட்டில் இருபது பக்கத்தில் ஆறு பக்கம்தான் எழுதியிருந்தது. மொத்தம் அறுபத்துநான்கு என்று அத்தை சொன்னார். ஒரு வருஷத்திலா என்று அவர் கேட்டார். முப்பத்தொரு வருஷத்தில் என்று அத்தை சொன்னார். தம் பட்டறையில் இயந்திரம் வைத்தும் வாரத்துக்குப் பத்து போகிறது என்று அவர் முணுமுணுத்தாராம். பிரேமில்லாமல் துளையிட்டுப் பூட்டும் லென்ஸ் ஒன்றைக் கொடுத்துச் செய்யச் சொன்னார். அத்தை இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். அதைப் புள்ளி பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

ஆக, அலுவலகம் தள்ளிய பன்னிரண்டு ஆண்டுகளே அத்தைக்கு வேலை வாங்கிக் கொடுத்தன. ஆனால் இதோடு நீதி கிடைத்துவிட்டது என்று எவரும் எழுந்துபோக வேண்டாம். நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில், முந்தைய பதிவான வேலை எதுவும் இல்லாததால், அத்தையைப் ‘புதியவர்’ என்ற தரத்தில் சேர்த்தார்கள். இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்திக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். அந்தப் பெண்ணுக்கு இடுக்கி பிடிப்பது எப்படி என்று அத்தைதான் சொல்லிக்கொடுத்தார். அறுபது வயதில், காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை, ஓராண்டு நின்றும் குனிந்தும் வேலை செய்தார். முழங்கால் வீங்கியது, ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை, எடுத்தால் ஆண்டு நிறையும் நாள் தள்ளிப்போகுமே என்று பயம். முதல் மாதச் சம்பளச் சீட்டை மட்டும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தொகையைப் பார்க்கச் சொல்லவில்லை. மேலே அச்சாகியிருந்த தம் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

அந்த ஓராண்டில் அவர் கையில் எத்தனை உடைந்தன என்று மேற்பார்வையாளரிடம் எழுதிக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. இந்தப் பட்டறையில் உடைக்காத ஆண்டும் ஆண்டாகவே எண்ணப்பட்டது.

அதுவரை எங்கள் வீட்டில் தங்கியிருந்த அத்தை, முழு ஓய்வூதியம் வந்ததும், சென்ற மாதம் இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த அறைக்குக் குடிபோனார். நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் இறக்கியதும், போய்வா என்று என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அத்தையின் பக்கத்தில், மூன்றாம் கட்டத்தில், இப்போது உள்ளவை:

தொழில்: மூக்குக்கண்ணாடி செய்பவர்.
அண்ணன் கடையில் உழைத்தது: முப்பத்தோர் ஆண்டுகள்.
அலுவலகம் ஏற்றது: பத்தொன்பது.
அறுபதுக்கு மேல் உழைத்துச் சேர்த்தது: ஒன்று.